கூலி வரிசையில் உன் அம்மா

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. மெஷின் லாரியில் வந்து இறங்கிவிட்டது என்ற வரியை நம் ஷெட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன். படித்து முடித்து மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். உன் அப்பா, "ஊரே கேட்டுடுச்சு, போதும் வுடு" என்றார். அப்படிச் சொன்னவர் சாயந்திரம் அதே கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் நின்று தனியாகப் படித்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ராணிப்பேட்டையில் நம் பிள்ளைக்கு ஒரு ஷெட், வாசலில் அவன் பேர் போட்ட போர்டு, உள்ளே பீங்கான் கட்டை அழுத்த மோட்டாரில் ஓடுகிற பிரஸ்! ஸ்விட்சைத் தட்டினால் இறங்குமாம், அதுவாக ஏறுமாம். நாங்கள் தோள்பட்டை கழன்று விழும்வரை சுற்றிய காரியத்தை ஒரு ஸ்விட்சு செய்யப் போகிறது. அதைப் பார்க்க வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும், ஒரே ஒரு கட்டையாவது நான் அதில் அடித்துப் பார்க்க வேண்டும். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிவிட்டேன்.

ஆனால் உன் கடிதத்தின் கடைசியில், அவசரத்தில் எழுதியது மாதிரி இரண்டு வரி இருந்தது. "இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருத்தர் வந்தார். வேலைக்கு வரவங்க எல்லாம் உங்க மருமக வாசுகி பக்கத்துச் சொந்தக்காரங்க, வாசுகியும் கூட நிக்கறா, நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்னு அனுப்பிட்டேன்." உற்சாகமாகப் படித்துக்கொண்டு வந்த நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அந்த இரண்டு வரியை மட்டும் நான் யாருக்கும் படிக்கவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும், பொறுமையாகப் படி. நம் தொழிற்பேட்டையில் உன் வயசுப் பிள்ளைகள் நாலைந்து பேர் புதிதாக ஷெட் போட்டிருக்கிறார்கள். தபாலில் போடுவதற்கு முன்னால் அவர்களுக்கும் இதைப் படிக்கக் கொடுக்கப் போகிறேன். எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. உன் அப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து, "அதையெல்லாமா எழுதப் போற?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

என் வலது கை நடுவிரலில் மேல்கணு கிடையாது என்பது உனக்குத் தெரியும். நீ கடலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவின் விரல் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று உன் அப்பா உனக்கு எழுதினார். கதவெல்லாம் இல்லை. பிரஸ். முதலாளியின் பெண்சாதி பிரஸ்ஸில் வேலை செய்தாள் என்று பிள்ளைக்கு எழுத அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது, எங்கே போய் முடிந்தது என்று சொல்கிறேன் கேள்.

அறுபதுகளில் நம் பக்கம் ஊர் ஊராகக் கரண்டு வந்துகொண்டிருந்தது. பெண்ணாடத்தில் கரும்புக்குப் பம்ப்செட், திட்டக்குடிப் பக்கம் நெல்லுக்குப் பம்ப்செட். ஒவ்வொரு பம்ப்செட்டுக்கும் பீங்கானில் பியூஸ் கட்டை வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்தில் தன் பங்கு நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு வந்து, விருத்தாசலத்தில் ஒரு ஷெட்டும் ஒரு கைப்பிரஸ்ஸும் போட்டார் உன் அப்பா. "பயிர் வெக்கற மண்ண வுட்டுட்டு மண்ணுலயே சோறு திங்கப் போறான்" என்று உன் பெரியப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு உன் அப்பாவை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. அதனால் அவருக்கு ஒரே பிடிவாதம்: நம் வீட்டுப் பெண்பிள்ளை ஷெட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, அண்ணன் காதுக்கு அப்படி ஒரு சேதி போகவே கூடாது.

எனக்கோ அந்தப் பிரஸ் மேல்தான் கண். நம் வீட்டுக் கொல்லைக்கதவைத் திறந்தால் ஷெட். அங்கே அஞ்சலையும் இன்னொரு பெண்ணும் நின்று வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். லேசான ஈரமிருக்கும் மண் தூளை ஒருத்தி அச்சில் போட்டுக் கையால் மட்டம் தட்டுவாள். மற்றவள் மேலே இருக்கும் தண்டைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சா?" என்பாள். கையை எடுத்துவிட்டு இவள், "ஆச்சு" என்பாள். உடனே தண்டு சுழலும், திருகு இறங்கும், மண் தூள் கட்டையாகிவிடும். ஆச்சா, ஆச்சு, ஆச்சா, ஆச்சு என்று பொழுதெல்லாம் அது ஒரு பாட்டு மாதிரி கேட்கும். அடுப்பில் குழம்பு தீய்ந்த நாட்கள் உண்டு.

அப்போதுதான் ராஜமாணிக்கம் என்று ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்தார். குடையை வெயிலில் மடக்கியும் நிழலில் விரித்தும் வைத்திருக்கும் மனுஷன். வேலை செய்யும்போது ஆளுக்கு அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, சின்ன முதலாளியால் அதை ஒரே மூச்சில் கொடுக்க முடியாது, வருஷா வருஷம் கொஞ்சம் கட்டினால் கம்பெனி உங்களுக்காகக் கொடுத்துவிடும் என்று உன் அப்பாவிடம் சொன்னார். நல்ல காரியம்தான். ஆனால் அவர் வந்த நாளைப் பார். மறுநாள் காலையில் பொதுச் சூளையில் நம் முறை. நம்மிடம் சொந்தச் சூளை கிடையாது. முறை தவறினால் அடுத்த ஷெட்டுக்காரன் சரக்கை ஏற்றிவிடுவான், நாம் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். முதல் பெரிய ஆர்டர், பலகை பலகையாகக் காய்ந்த கட்டைகள், எல்லாரும் சுமந்துபோகத் தயாராக நிற்கிறார்கள். அந்த நேரத்தில் இவர் நடு ஷெட்டில் நின்றுகொண்டு, கட்டை விரலுக்கு இவ்வளவு, ஆள்காட்டி விரலுக்கு இவ்வளவு, ஒரு கண்ணுக்கு இவ்வளவு, உயிருக்கு இவ்வளவு என்று உரக்கப் படித்தார்!

அஞ்சலை தலையிலிருந்த பலகையை இறக்கி வைத்துவிட்டாள். "என்னாங்க இது? கறிக்கடையில கூட உசுரு போன பொறவுதான் வெல சொல்லுவாங்க" என்றாள்.

ராஜமாணிக்கம் சமாதானம் சொல்லப் போய் விஷயம் இன்னும் கெட்டது. "பாலிசி யாரு பேர்ல?" என்று கேட்டாள். முதலாளி பேரில் என்றார். "அப்ப பணம் மொதலாளிக்கு வருது. நாங்க செத்தா அவருக்கு லாபம். அதான?" அதற்குள் எல்லாரும் பலகைகளை இறக்கிவிட்டார்கள். அவர்கள் அப்படி நினைத்ததில் தப்பில்லை தம்பி. கையெழுத்துப் போடுகிறவனுக்குத்தான் காசு வரும் என்பதைத் தவிர வேறு எதை அவர்கள் கண்டார்கள்? கடைசியில் அஞ்சலை ஒரே வார்த்தையில் மடக்கினாள். "சரி, மொதலாளி கையையும் இதுல எழுதுங்க. பொறவு நாங்க நம்பறோம்." ராஜமாணிக்கம் பொய் சொல்லத் தெரியாதவர். "அவரு கை இதுல வராதும்மா. கூலி வாங்கறவங்க கைதான் வரும்" என்றார். அவ்வளவுதான். ஷெட்டே கத்தியது. சூளைக்கு ஒரு பலகை நகராது என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்குக் கொல்லைக்கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். "கூலி வாங்கறவங்க கைதான வரும்? என் பேர எழுதுங்க. நாளையிலேர்ந்து நான் கூலிக்கு வரேன்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே புரிந்தது. பயம் இருந்தது. பொய் சொல்வானேன், பயத்தைவிட ஆசை அதிகமாக இருந்தது. எத்தனை நாள் அந்தப் பிரஸ்ஸைப் பார்த்து ஏங்கியிருப்பேன்! உன் அப்பா, "நீ உள்ள போ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "போறேங்க. பலகை சூளைக்குப் போவட்டும், நானும் உள்ள போறேன்" என்றேன்.

ராஜமாணிக்கம் பேனாவை எடுத்தார். "யாரா இருந்தாலும் எழுதலாம்மா. ஆனா நெசமா வேலை செய்யணும், நெசமா கூலி வாங்கணும். பேருக்கு எழுதினா பின்னாடி நிக்காது" என்றார். அஞ்சலை என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். என்ன தேடினாளோ தெரியாது. பிறகு, "பலகையத் தூக்குங்கடி" என்றாள்.

இப்படித்தான் உன் அம்மா தொழிலாளி ஆனாள். அஞ்சலை சுற்றுவாள், நான் மண் போடுவேன். முதல் வாரம் நான் போட்ட கட்டைகளில் பாதி விண்டு போயின. ராத்திரி கை தூக்க முடியாது. காலையில் எப்போது விடியும் என்று இருக்கும். சனிக்கிழமை எல்லாரோடும் வரிசையில் நின்று கூலி வாங்கினேன். உன் அப்பா தலையை நிமிர்த்தாமலே என் கையில் வைத்தார். அதை முந்தானையில் முடிந்துகொண்டு கடைத்தெரு முழுக்க நடந்தேன். எதுவும் வாங்கவில்லை. வாங்கலாம் என்பதே போதுமாக இருந்தது. அப்படி ஒரு கர்வம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

அடுத்த வருஷம் ஒரு நாள் காலையில் அது நடந்தது. தண்டு சுழன்றுவிட்டது, என் விரல் அச்சின் ஓரத்தில் இருந்தது. வலியைப் பற்றி எழுதமாட்டேன், நீ சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது இதைப் படிக்கலாம். உன் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அன்றைக்கு அவருக்கு அண்ணன் ஞாபகமும் இல்லை, காலில் செருப்பும் இல்லை.

கட்டு அவிழ்ப்பதற்குள் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஓர் ஆபீசர் வந்தார். ஷெட்டில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். என் ஒரு விரலுக்காக இல்லை. இந்தப் பாலிசி நிஜமா பொய்யா என்று தெரியப்போகிற முதல் நாள் அது. முதலாளி வீட்டு விரலுக்கே கம்பெனி கையை விரித்துவிட்டால், நாளைக்கு அஞ்சலையின் கை போனால் யார் வந்து நிற்பார்கள்? பழைய சந்தேகம் எல்லார் கண்ணிலும் திரும்ப வந்திருந்தது.

ஆபீசர் மரியாதையான மனுஷர். உன் அப்பாவிடம், "உங்க வீட்டம்மா இங்க வேலை செய்யறாங்களா?" என்று கேட்டார். நேரான கேள்வி. "வேலைன்னு இல்ல சார்... சும்மா, ஒரு மேற்பார்வை..." என்றார் உன் அப்பா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆபீசர் அஞ்சலை பக்கம் திரும்பினார். அவளாவது சொல்வாள் என்று நான் நம்பினேன். அவள் இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை அவிழ்த்துத் தோளில் போர்த்திக்கொண்டு, முகத்தில் ஒரு பக்தியை வரவழைத்துக்கொண்டு சொன்னாள்: "அவங்களா? வேலையா? ஐயையோ, மொதலாளியம்மாங்க அவங்க! மகாலட்சுமி கணக்கா வூட்டுல இருப்பாங்க. ஒரு துரும்ப எடுத்துப்போட வுடமாட்டோம்." மற்ற பெண்களும், "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினார்கள்.

அவர்கள் எனக்கு மரியாதை செய்தார்கள் தம்பி! வெளியூர் ஆபீசர் முன்னால் முதலாளியம்மாவைக் கூலிக்காரி என்று சொல்வதா என்று என் மானத்தைக் காப்பாற்றினார்கள். ஆபீசர் பேனாவை மூடிப் பைக்குள் வைக்கப் போனார். ஒரு பக்கம் புருஷனின் கௌரவம், ஒரு பக்கம் இவர்கள் மரியாதை, நடுவில் என் விரலும் ஒரு வருஷ உழைப்பும் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

எனக்கு வந்ததே கோபம்! யோசித்துச் செய்தேன் என்று நினைக்காதே, நிஜக் கோபம். "ஏண்டி அஞ்சல, நான் வூட்டுல குந்திக்கினு இருந்தேனா? அப்ப யாரு வெரலுடி அந்த அச்சுல இருந்துச்சு? நீ பாத்து சுத்தியிருந்தா எனக்கு ஏன் இந்தக் கதி?" என்று கத்தினேன்.

அஞ்சலையின் பக்தி ஒரே நொடியில் பறந்துவிட்டது. "நான் பாக்காம சுத்தனனா? ஆச்சான்னு கேட்டன். நீ ஆச்சுன்னு சொன்ன. சொன்ன பொறவுதான் சுத்தனன்!"

"நான் சொல்லவே இல்ல!"

"சொன்ன! எப்பவும் கைய எடுக்கறதுக்கு முந்தியே சொல்லிப்புடுவ. எத்தினி தரம் சொல்லியிருக்கன், மொதல்ல கைய எடு, பொறவு வாயத் தொறன்னு? கேட்டியா? வேலைக்கு வந்த நாள்லேர்ந்து உன்னோட மல்லுக்கட்டிக்கினு நிக்கறது நான்தான? நீ ஒடச்சுப் போட்ட கட்டைக்கெல்லாம் சேத்து நான்தான அடிச்சன்?"

எனக்கும் விட மனசில்லை. அவள் தண்டைச் சுற்றுகிற வேகத்தைப் பற்றி நான் சொன்னேன், நான் மண் போடுகிற அழகைப் பற்றி அவள் சொன்னாள். கையை நீட்டி நீட்டிப் பேசினோம். கட்டுப் போட்ட கையையும் நீட்டினேன். பிறகு திடீரென்று ஷெட் அமைதியாக இருப்பது உறைத்தது. ஆபீசர் பேனாவை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அஞ்சலை நாக்கைக் கடித்துக்கொண்டாள். முதலாளியம்மாவை நீ என்று சொன்னது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. "தப்பா நெனச்சுக்காதீங்க சார், என் தப்புன்னே எழுதிக்குங்க" என்று அழ ஆரம்பித்தாள்.

"யாரு தப்புன்னு நான் கேக்கவே இல்லம்மா. சட்டமும் அதக் கேக்கல. வேலை செய்யறப்ப அடிபட்டுதா, அதான் எனக்கு வேணும்" என்றார் ஆபீசர். அதைக் கேட்டு அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். அடிபட்டால் முதலில் யார் தப்பு என்று கேட்டு, தப்பு உன்னுடையதுதான் என்று சொல்லித் துரத்துவதைத்தான் அவர்கள் அதுவரை பார்த்திருந்தார்கள். அடிபட்டவளுக்குத் திட்டு கிடையாது, நஷ்டஈடு உண்டு என்று ஒருவர் நேரில் வந்து சொன்னது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் உன் அப்பா வாயைத் திறந்தார். "நான் கூலி குடுக்கறேன் சார். சனிக்கெழமைன்னா எல்லாரோடயும் வரிசையில நின்னு வாங்குவா. நான் முன்ன சொன்னத அடிச்சுடுங்க." அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடித்த மாதிரி அதற்கு முன்பு என்றைக்கும் பிடித்ததில்லை. (இதைப் படித்துவிட்டு இப்போது வெற்றிலைப் பெட்டியைத் தேடுகிற சாக்கில் எழுந்து போகிறார்.)

ஆபீசர் எல்லாரையும் கேட்டுவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தார். "இவ்வளவு நேரம் உங்களப் பத்தி எல்லாரும் சொன்னாங்க. நீங்க சொல்லுங்கம்மா. நீங்க இங்க யாரு?" என்று கேட்டார்.

"பிரஸ்ஸுல வேலை செய்யறேன் சார்" என்றேன்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அதற்கு முன்னால் என் பேரை எங்கே எழுதினாலும் இன்னார் மகள், இன்னார் மனைவி என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நான் அழுதேன். விரல் வலிக்கிறது என்று நினைத்து அஞ்சலை விசிற ஓடி வந்தாள். கம்பெனிப் பணம் பிறகு முறையாக வந்து சேர்ந்தது. வந்த அன்றே ஷெட்டில் ஒவ்வொருத்தியும் உன் அப்பாவிடம் போய், "என் பேரும் அதுல இருக்குதுல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனாள். செத்தால் லாபம் என்று சொன்ன அதே பெண்கள்! அஞ்சலை அதற்குப் பிறகு என்னை நீங்க என்று சொன்னதே இல்லை. நான் ஆச்சு என்று சொல்லவில்லை என்பதில் மட்டும் இன்றைக்கும் மாற்றமில்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். சொந்தக்காரர்கள், நமக்குள் எதற்கு என்று எழுதியிருக்கிறாய். சொந்தத்துக்குத்தான் முதலில் வேண்டும் தம்பி. அயலான் கை போனால் சண்டை போட்டாவது கேட்பான். சொந்தக்காரி கேட்கமாட்டாள். மாப்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று மரியாதையாக வாயை மூடிக்கொண்டு கையைத் துணியில் சுற்றிக்கொண்டு போவாள். நீயும் பாசமாகப் போய்ப் பார்த்துவிட்டு ஆரஞ்சு வாங்கிக் கொடுத்துவிட்டு வருவாய். நீ நல்ல பிள்ளைதான், எனக்குத் தெரியாதா? உன் பாசம் நஷ்டஈடு கட்டுமா? கைப்பிரஸ்ஸாவது ஒருத்தி ஆச்சா என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கும். உன் மெஷின் யாரைக் கேட்கப் போகிறது?

அந்த ஏஜென்ட்டை இந்த வாரமே திரும்பக் கூப்பிடு. பாலிசி கைக்கு வராமல் ஸ்விட்சில் கை வைக்காதே. வந்ததும் தந்தி கொடு, அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். உன் அப்பாவையும் இழுத்துக்கொண்டு வருகிறேன். மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் நானே வைக்க வேண்டும் என்று நினைத்தாலே இப்போதே கால் தரையில் பாவவில்லை!

ஏஜென்ட் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு பேராகக் கேட்பார். வாசுகி இங்கே யார் என்றும் கேட்பார். உனக்கு உடனே பதில் சொல்லத் தோன்றும். நீ வாயைத் திறக்காதே. அவள் சொல்லட்டும்.

உன் அம்மா